ழான் மோரோ: திரையில் தெரியும் நடிப்பு யாருடையது?

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நடிகை பிரமாதமாக நடித்திருக்கிறார் என்கிறோம். அந்தப் பாராட்டு யாரைப் போய்ச் சேர வேண்டும்? நாடக மேடையில் இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை; திரை விலகியதும் மேடை நடிகரின் வசமாகிவிடுகிறது. சினிமாவில் அப்படியில்லை. நடிகை எங்கே நிற்க வேண்டும் என்பதை இயக்குநர் சொல்கிறார். முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பது ஒளிப்பதிவாளரின் கையில். ஒரு பார்வை எத்தனை விநாடி நீடிக்கும் என்பதைத் தொகுப்பு மேசையில் முடிவு செய்கிறார்கள். சில படங்களில் குரல்கூட வேறொருவருடையது. இத்தனைக்கும் பிறகு நடிகைக்கென்று மிஞ்சுவது என்ன?

சினிமாவின் வயதில் முக்கால் பங்கையாவது இந்த விவாதத்துக்குக் கொடுத்துவிடலாம். அதை ஆராயப் பிரெஞ்சு நடிகை ழான் மோரோவைப் போல வசதியான எடுத்துக்காட்டு குறைவு. 1949இல் திரைக்கு வந்தவர், ஏறத்தாழ இருபது படங்களில் நடித்த பிறகும் பெரிதாகப் பேசப்படவில்லை. 1958இல் வெளியான இரண்டு படங்களுக்குப் பின் ஐரோப்பாவின் முன்னணி இயக்குநர்கள் அவரைத் தேடி வந்தார்கள். முகமும் பயிற்சியும் முன்பிருந்தவைதான். அப்படியென்றால் மாறியது எது? இதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். அவற்றின் பிறப்பிடங்களையும் பலவீனங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

மேடையிலிருந்து திரைக்கு

மோரோ 1928 ஜனவரி 23 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை உணவகம் நடத்தியவர். தாய் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலிருந்து வந்து ஃபோலி பெர்ஷேர் அரங்கில் ஆடிய நடனக் கலைஞர். பாரிஸ் கன்சர்வத்வாரில் பயின்ற மோரோ 1947இல், இருபது வயது நிறையும் முன்பே, கொமெதி ஃப்ரான்ஸேஸ் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கிருந்து விலகி, ழான் விலார் தலைமையிலான தேசிய மக்கள் அரங்கில் ழெரார் ஃபிலிப்புடன் நடித்தார்.

மேடையில் இப்படி மதிப்பு வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சினிமா அவரைச் சிறு குற்றப் படங்களிலும் வரலாற்றுப் படங்களிலும் பயன்படுத்தியது. ழாக் பெக்கரின் 1954ஆம் ஆண்டுப் படத்தில் ழான் கபேனிடம் அறை வாங்கும் இரவு விடுதி ஆட்டக்காரி ழோசி வேடம் இதற்கு ஓர் உதாரணம். பாரிஸில் பீட்டர் ப்ரூக் மேடையேற்றிய டென்னசி வில்லியம்ஸின் 'சூடான தகரக் கூரைமேல் பூனை' நாடகத்தில் அவரைப் பார்த்த இளைஞர் லூயி மால், தன் முதல் கதைப்படத்துக்கு அழைத்தார். அந்தப் படம்தான் 'தூக்குமேடைக்கு லிஃப்ட்'. 1958 ஜனவரியில் அது வெளியானது. அதே ஆண்டில் மாலின் 'காதலர்கள்' படமும் வந்து வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது.

முதல் பதில்: இயக்குநர் கண்டெடுத்தார்

பரவலாகச் சொல்லப்படும் பதில் இதுதான். இதன் வேர் 1954 ஜனவரியில் 'கையே து சினிமா' இதழில் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ எழுதிய கட்டுரையில் இருக்கிறது. திரைக்கதையாசிரியர்களை நம்பியிருந்த பிரெஞ்சுப் படங்களை அவர் அதில் சாடினார். படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்ற கொள்கை அவ்விதழின் பக்கங்களில் வலுப்பெற்றது. 1962இல் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இந்தப் பார்வையில் 1958க்கு முந்தைய மோரோ வெறும் மூலப்பொருள். பார்க்கத் தெரிந்த ஒருவர் வந்ததும் அது கலையானது.

இதற்குச் சாதகமாக வலுவான சான்று உண்டு. த்ரூஃபோவின் 'ஜூல்ஸும் ஜிம்மும்' (1962) படத்தில் மோரோ ஏற்ற கேத்தரின் திரைக்கு வருவதற்கு முன்பே அவளுடைய புன்னகை வந்துவிடுகிறது. நண்பர்கள் இருவரும் ஒரு கற்சிலையின் நிழற்படத்தைத் திரையில் பார்க்கிறார்கள். அந்தச் சிலையை நேரில் காண ஏட்ரியாட்டிக் தீவு ஒன்றுக்கே போகிறார்கள். பிறகு கேத்தரின் வரும்போது, சிலையைக் காட்டிய அதே முறையில் கேமரா அவள் மூக்கையும் வாயையும் கன்னத்தையும் துண்டு துண்டாகக் காட்டுகிறது. இந்தக் காட்சியில் மோரோ செய்ய வேண்டியது மிகக் குறைவு. பார்வையாளர் அவரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது.

மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனி இதைக் கொள்கையாகவே எழுதினார். திரைநடிகருக்குப் புரிதல் தேவையில்லை, இருப்பு போதும் என்பது 1961இல் அவர் வெளியிட்ட குறிப்புகளின் சாரம். மோரோ நடித்த அவருடைய 'இரவு' வந்ததும் அதே ஆண்டுதான்.

ஆனால் இந்தப் பதிலால் ஒன்றை விளக்க முடியவில்லை. ஒருவரோடொருவர் சற்றும் ஒத்துப்போகாத இயக்குநர்கள் ஒரே நடிகையிடம் ஏன் வந்தார்கள்? த்ரூஃபோ, அந்தோனியோனி, லூயிஸ் புனுவல், ஜோசஃப் லோசி, ழாக் தெமி, ஆர்சன் வெல்ஸ், மார்கெரித் துராஸ், பிற்காலத்தில் ஃபாஸ்பிண்டர். இவர்களுடைய படங்களைப் பொதுவாக இணைக்கும் அழகியல் என்று எதையும் சொல்வது கடினம். வெறும் மூலப்பொருளுக்கு இவ்வளவு வேறுபட்ட கைகளிலும் ஒரே அடையாளம் எப்படி நீடித்தது என்பதற்கு முதல் பதிலில் விடை இல்லை.

இரண்டாவது பதில்: கேமராவும் கத்தரியும்

இது முதல் பதிலைவிட மூத்தது. சோவியத் ஒன்றியத்தில் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு பரிசோதனை செய்ததாக இன்னொரு இயக்குநரான புதோவ்கின் விவரித்திருக்கிறார். உணர்ச்சியற்ற ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்கு அருகில் ஒட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்களாம். நடிப்பு என்று நாம் நினைப்பது தொகுப்பின் விளைவு என்பது இதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவு. அந்தப் படச்சுருள் இன்று இல்லை என்பதையும், நமக்கு எஞ்சியிருப்பது விவரிப்புகள் மட்டுமே என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

மோரோ விஷயத்தில் இந்தப் பதில் ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்காயேவைச் சுட்டுகிறது. ஐம்பதுகளின் ஸ்டூடியோ ஒளிப்பதிவாளர்கள் மோரோவின் முகத்தைச் 'சரிசெய்ய' வேண்டியதாகக் கருதினார்கள்: கண்ணுக்குக் கீழே கருவளையம், ஓரங்களில் கீழ்நோக்கி இறங்கும் வாய், சமச்சீரற்ற தாடை. எனவே கனமான ஒப்பனை, நிழலே விழாத வெளிச்சம். 'தூக்குமேடைக்கு லிஃப்ட்' படத்தில் தெக்காயே வேகமான படச்சுருளைப் போட்டு, கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து, ஷான்ஸெலிஸே கடைகளின் கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்திலேயே அவர் இரவில் நடப்பதைப் படமெடுத்தார். கடை ஒன்றைத் தாண்டும்போது முகம் தெரிகிறது. அடுத்த கடை வரும்வரை பாதி இருட்டு. பிரதிகளைப் பார்த்த ஆய்வகத் தொழில்நுட்பர்கள், இவ்வளவு அலங்கோலமாக ஒரு நடிகையைக் காட்டலாமா என்று தயாரிப்பாளரிடம் முறையிட்டதாக மால் பின்னர் கூறினார். 1957 டிசம்பரில் ஓர் இரவில், ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் குழுவினரும் வாசித்த இசையும் அந்த நடையோடு சேர்ந்துகொண்டது.

ஒளியும் டிரம்பெட்டும் இல்லாமல் அந்தக் காட்சி இந்த இடத்தைப் பெற்றிருக்குமா என்பது நியாயமான ஐயம்தான். ஆனால் ஒப்பனையை நீக்குவதால் எல்லா முகமும் பேசத் தொடங்கிவிடாது. தடையை அகற்றியவர் யார் என்பதை இந்த வாதம் தெளிவாகக் காட்டுகிறது. அகற்றிய பின் தெரிந்தது யாருடையது என்ற கேள்வியை அது தொடவில்லை.

மூன்றாவது பதில்: நடிகையே ஆசிரியர்

இயக்குநர் கொள்கைக்கு எதிர்வாதம் எழுபதுகளில் உருப்பெற்றது. 1975இல் பேட்ரிக் மெக்கில்லிகன் ஜேம்ஸ் காக்னியை முன்வைத்து, நடிகரும் படத்தின் ஆசிரியராக முடியும் என்று ஒரு நூலே எழுதினார். 1993இல் விமர்சகர் லூக் மூலே, தான் முன்பு எழுதிய 'கையே து சினிமா'வின் கொள்கைப் பெயரையே திருப்பிப்போட்டு, நான்கு ஹாலிவுட் நடிகர்களைப் பற்றி எழுதினார். இரண்டு நூல்களுமே ஆண் நடிகர்களை எடுத்துக்கொண்டவை என்பதும் கவனிக்கத்தக்கது.

மோரோவுக்கு இந்த வாதத்தைப் பொருத்துபவர்களுக்குக் கிடைக்கும் சிறந்த சாட்சி ஓர் இயக்குநரே. 'ஒரு பணிப்பெண்ணின் நாட்குறிப்பு' (1964) படப்பிடிப்பில் தான் அவரை அதிகம் திருத்தவில்லை, பின்தொடர்ந்து போனேன் என்றும், அந்தப் பாத்திரத்தில் தனக்கே தெரியாதவற்றை அவர் காட்டினார் என்றும் புனுவல் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நடிகர்களின் மனநிலையைப் பற்றி நீட்டிப் பேசும் வழக்கமில்லாதவர் சொன்னது என்பதால் இதற்குக் கனம் கூடுதல்.

'ஜூல்ஸும் ஜிம்மும்' படத்தில் வரும் பாடல் காட்சி இன்னொரு சான்று. பாடலை எழுதிய செர்ஜ் ரெஸ்வானி, பாஸ்யாக் என்ற புனைபெயரில் அதே படத்தில் கித்தார் வாசித்தபடி அமர்ந்திருக்கிறார். பாடும்போது அடிகள் முன்பின்னாகிவிட, மோரோ கையால் ஒரு சிறு சைகை காட்டிவிட்டுத் தொடர்ந்தார் என்றும், த்ரூஃபோ அந்தப் பதிவையே வைத்துக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. ஒத்திகையில் இல்லாத அந்தச் சைகை நடிகையுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்னொரு டேக் எடுக்காமல் அதையே படத்தில் சேர்த்தது இயக்குநரின் முடிவு.

இங்கேதான் மூன்றாவது பதிலின் பலவீனமும் தெரிகிறது. நடிகை பத்து விதமாகச் செய்துகாட்டலாம்; எது மிஞ்சும் என்பதை அவர் பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை. சில வேளை இயக்குநராலும் முடிவதில்லை. லோசியின் 'ஏவா' (1962) தயாரிப்பாளர்களான ஹக்கீம் சகோதரர்களால் வெட்டப்பட்டே வெளிவந்தது. அதில் மோரோவின் நடிப்பை மதிப்பிடுகிறவர்கள் மூவர் கைபட்ட ஒன்றைத்தான் மதிப்பிடுகிறார்கள். புகழுரைகளை ஆதாரமாக எடுப்பதிலும் கவனம் தேவை. படப்பிடிப்பு முடிந்தபின் இயக்குநர்கள் நடிகைகளைப் புகழ்வது தொழில் மரபு.

நான்காவது பதில்: காலம் வார்த்த பிம்பம்

1957இல் சமூகவியலாளர் எட்கர் மொரேன் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய நூலும், 1979இல் ரிச்சர்ட் டயர் எழுதிய நூலும் கேள்வியையே இடம் மாற்றின. நட்சத்திரம் என்பது ஒரு மனிதர் மட்டுமல்ல; படங்கள், விளம்பரங்கள், பேட்டிகள், வதந்திகள் எல்லாம் சேர்ந்து உருவாகும் பிம்பம். ஒரு காலத்தின் ஆசைகளும் அச்சங்களும் அதில் படிகின்றன.

மோரோவை இந்த வழியில் வாசித்தவர்களில் ழினெத் வான்ஸந்தோவும் ழெனெவியேவ் செலியேயும் முக்கியமானவர்கள். 2000இல் வெளிவந்த தன் நூலில் வான்ஸந்தோ, த்ரூஃபோ போன்றவர்களின் பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களின் நடிகைகள் இயல்பு, அறிவு, நவீனம் ஆகிய மதிப்புகளின் முகமாக ஆக்கப்பட்டதை விளக்குகிறார். 2005இல் செலியே இன்னும் கடுமையாகப் பேசினார்: புதிய அலை இளம் ஆண் படைப்பாளிகளின் உள்மனத்தை மையமாகக் கொண்டது; பெண் பாத்திரங்கள் அந்த மனத்தின் பிரதிபலிப்புகளாகவே வருகின்றன. 'ஜூல்ஸும் ஜிம்மும்' கதையைச் சொல்லும் பின்னணிக் குரல் ஓர் ஆணுடையது. கேத்தரினின் உள்மனம் நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. படத்துக்கு மூலமான ஆன்ரி-ப்யேர் ரொஷேயின் நாவலில் கேத்தரினுக்கு மாதிரியாக இருந்த ஹெலன் ஹெசல் படம் வந்தபோது உயிரோடு இருந்தார்; அவரும் எழுதுகிறவர்தான். படமோ அவரை அந்த இரு ஆண்களின் நினைவு வழியாகவே காட்டியது.

பிம்பம் நடிகையின் கையை மீறிப்போகும் என்பதற்கு 'காதலர்கள்' படத்தின் அமெரிக்கப் பயணம் சான்று. அதைத் திரையிட்டதற்காக ஒஹாயோ மாநிலத் திரையரங்க மேலாளர் ஒருவருக்கு 2,500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆபாசம் எது என்ற அமெரிக்கச் சட்ட விவாதத்தில் அந்த வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இந்தப் பார்வை மற்றவை காணாததைக் காண்கிறது. ஆனால் நடிப்பு என்ற உழைப்பே இதில் கரைந்துபோகும் ஆபத்தும் உண்டு. 1960ஐ ஒட்டி 'நவீனப் பெண்' பிம்பத்தைச் சுமந்த நடிகைகள் பலர். பிம்பம் ஒன்றுபோல் இருந்தும் அவர்களுடைய திரைவாழ்க்கைகள் ஒன்றுபோல் இல்லை. மோரோவுடையது அறுபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. காலம் மட்டுமே காரணமென்றால் அந்தக் காலத்தோடு அதுவும் முடிந்திருக்க வேண்டும்.

நான்கு நடைகளை அருகருகே வைத்தால்

பதில்களைச் சோதிக்க ஓர் எளிய வழி, ஒரே செயலை வெவ்வேறு இயக்குநர்களின் படங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பது. மோரோ விஷயத்தில் நடை அதற்கு ஏற்றது. மாலின் படத்தில் இரவுத் தெரு, மனக்குரல், டிரம்பெட். 'இரவு' படத்தில் பகல் வெளிச்சத்தில் மிலான் நகரம். பேச்சு மிகக் குறைவு, சுற்றுப்புற ஓசைகள் மட்டும். தெமியின் 'தேவதைகளின் விரிகுடா' (1963) தொடங்கும்போதே நீஸ் நகரக் கடலோரச் சாலையில் வெளுத்த கூந்தலோடு அவர் நடந்து வருகிறார்; கேமரா வேகமெடுத்துப் பின்வாங்க, உருவம் புள்ளியாகிறது. புனுவலின் படத்தில், முதிய எஜமானன் கேட்டுக்கொண்டதற்காகப் பூட்ஸ் அணிந்து அவன் முன்னால் நடக்கிறார்.

நான்கிலும் கேமரா செய்வது வேறு, கதை வேறு. ஆனால் அவசரமில்லாத அந்த நடையும், பார்க்கிறவரைப் பொருட்படுத்தாத முகமும் நான்கிலும் தொடர்கின்றன. இது நடிகைக்குச் சாதகமான சான்றுபோலத் தோன்றும். ஆனால் மறுவாசிப்பும் சாத்தியம்: மாலின் படம் மற்ற மூவருக்கும் முன்பே வந்துவிட்டது. மோரோவின் நடையைப் பற்றி எழுதும்போது புனுவல் மாலைக் குறிப்பிடவே செய்கிறார். அப்படியானால் பின்வந்தவர்கள் ஒரு நடிகையை மட்டும் அழைக்கவில்லை. முந்தைய படம் ஒன்றின் நினைவையும் சேர்த்தே அழைத்தார்கள்.

இன்னொரு ஒப்பீடு குரல் பற்றியது. 'இரவு' படத்தின் இத்தாலியப் பதிப்பில் மோரோவின் உடலுக்கு வேறொருவரின் குரல். 1992இல் வெளியான 'காதலன்' படத்தில் இதற்கு நேர்மாறு: எழுத்தாளருமான துராஸின் நினைவுகளைச் சொல்லும் குரல் மட்டுமே மோரோவுடையது, அவர் திரையில் தோன்றுவதில்லை. முதலாவதில் உடல் மட்டுமே போதுமானதாக இருந்தது. இரண்டாவதில் ஒளியோ சட்டகமோ உதவாமல் குரல் மட்டும் நின்றது. நடிப்பு முழுக்கக் கேமராவின் விளைவு என்ற வாதத்துக்குப் பின்னது ஒரு தடை. எனினும் துராஸின் தோழியாகவும், 'மொதெராதோ கான்தாபிலே' (1960) படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டவராகவும் அந்தக் குரலை ஏற்கெனவே அறிந்த பார்வையாளருக்கே அதன் முழு எடையும் கிடைத்திருக்கும்.

கேமராவுக்குப் பின்னால்

இந்த விவாதத்தில் மோரோ இயக்கிய படங்கள் அதிகம் எடுத்தாளப்படுவதில்லை. அவர் இயக்கியவை மூன்று: 'ஒளி' (1976), 'பருவப் பெண்' (1979), மௌனப் பட நடிகை லிலியன் கிஷ் பற்றிய ஆவணப்படம் (1983). முதலாவது நான்கு நடிகைகளின் நட்பைப் பற்றியது; மூன்றாவது ஒரு நடிகையிடம் இன்னொரு நடிகை அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்கும் படம். இரண்டிலும் நடிப்புதான் விஷயம். ஒருவர் உடலால் மட்டுமல்லாமல் சிந்தனையாலும் திரைக்கலையில் ஈடுபட்டார் என்பதற்கு இவை சான்றாகலாம். ஆனால் இவற்றைக் கொண்டு பிறருடைய படங்களில் அவர் பங்கை அளக்க முடியாது.

அவர் செய்த தேர்வுகளும் இப்படித்தான். புகழின் உச்சத்திலும் புதியவர்களோடும் பணமில்லாத படங்களோடும் சேர்ந்துகொண்டார். 1971இல், கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்தபோது, தாம் அதைச் செய்துகொண்டதாக அறிவித்த 343 பெண்களின் அறிக்கையில் கையெழுத்திட்டார். கான் விழா நடுவர் குழுவுக்கு 1975இலும் 1995இலும் தலைமை வகித்தார். 2000இல் பிரெஞ்சு நுண்கலைக் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண் அவரே. 2012இல் மனோயல் தெ ஒலிவேராவின் படத்தில் நடித்தார். 2017 ஜூலை 31 அன்று பாரிஸில் 89 வயதில் காலமானார். எந்தப் படத்தில் நடிப்பது என்ற முடிவையும் ஆசிரியத்துவத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளலாம் என்பவர்களுக்கு இந்த வாழ்க்கை இடமளிக்கிறது. வாய்ப்பே வராதவர்களுக்குத் தேர்வும் இல்லை என்பதை மறக்காத வரையில் அந்த வாதம் நிற்கும்.

மதிப்பீடு

நான்கு பதில்களும் ஒன்றையொன்று முறியடிப்பதாக எழுதப்பட்டாலும், அவை பெரும்பாலும் வெவ்வேறு செயல்களைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: ஒன்றைச் செய்து கொடுப்பது, கொடுத்ததில் தேர்ந்தெடுப்பது, ஒரு படத்தில் கிடைத்ததை அடுத்த படத்துக்குக் கொண்டுசெல்வது. முதலாவது பெரும்பாலும் நடிகையுடையது. இரண்டாவது பெரும்பாலும் இயக்குநர், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர் ஆகியோருடையது. மூன்றாவதில் பார்வையாளருக்கும் காலத்துக்கும் பங்குண்டு. ஆனால் எல்லாப் படங்களிலும் இருந்தவர் நடிகை ஒருவரே என்பதால், அதில் அவருக்கு மற்றெவரையும்விடக் கூடுதல் உரிமை இருப்பதாகக் கொள்ளலாம். மோரோவின் தனித்தன்மையை இந்த மூன்றாவது செயலில் தேடுவது பலனளிக்கக்கூடும்.

இந்தப் பகுப்பும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. தேர்ந்தெடுக்கப்படாத டேக்குகள் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை என்பதால், அவர் கொடுத்தது எவ்வளவு, எடுத்துக்கொள்ளப்பட்டது எவ்வளவு என்பதை ஊகிக்கத்தான் முடிகிறது. 1949 முதல் 1957 வரையிலான படங்களை விமர்சகர்கள் பின்னாளின் புகழை வைத்தே திரும்பிப் பார்க்கிறார்கள்; அவற்றை அவற்றுக்காகவே பார்த்தால், 1958இல் நிகழ்ந்தது திடீர்த் திருப்பமா அல்லது மெல்ல வந்த தொடர்ச்சியா என்பது மறுபரிசீலனைக்கு வரலாம். பெண்ணிய வாசிப்பு எழுப்பிய கேள்வியும் அப்படியே நிற்கிறது: ஆணின் பார்வைக்காக எழுதப்பட்ட பாத்திரத்துக்குள் நடிகை கூடுதலாக எதையாவது வைத்தால், அது எதிர்ப்பா, அல்லது அந்தப் பார்வைக்கே கிடைத்த அலங்காரமா? மோரோவின் படங்களில் இரண்டுக்கும் சான்று இருக்கிறது. ஆகவே ஒரே தீர்ப்பை அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் வழங்குவதைவிட, படத்துக்குப் படம், காட்சிக்குக் காட்சி இதை விசாரிப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.